தலை ஆடிய பக்கம்

ஒஸ்லோவில் சண்முகலிங்கம் என்று விசாரித்தால் ஆளையாள் பார்த்து முழிப்பார்கள். ஆபிரிக்கா மாஸ்டர் என்று கேட்டுப் பாருங்கள், ரொம்சோஸ் ஸ்டேசனில் இருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அவருடைய வீட்டு மணியை அடித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். எழுபத்துநாலு வயது. மொரண்டா என்கிற நாட்டில் ஐந்து வருடம் கணிதம் படிப்பித்தவர். நோர்வேக்கு வந்து முப்பத்தாறு வருடம். இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவியிருக்கிறார், பள்ளிக்கூடம் கூட்டியிருக்கிறார், பஸ் டிப்போவில் வேலை பார்த்திருக்கிறார். அதையெல்லாம் ஒருவரும் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. ஆபிரிக்காவில் ஒரு நாள் காலையில் நடந்த ஒரேயொரு கதைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது.

அந்தக் கதை இல்லாமல் ஒரு பிறந்தநாள் விழா நடந்ததில்லை. சாமத்தியச் சடங்கு நடந்ததில்லை. செத்தவீட்டில்கூட, பெட்டியை எடுத்த பிறகு யாராவது ஒருவர் கிளப்பி விடுவார், "மாஸ்டர், அந்தக் கப்டன்ரை கதையை ஒருக்காச் சொல்லுங்கோ." மாஸ்டரும் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கிவிடுவார். துவக்கோடு நின்ற கப்டன். எழும்பி நின்ற மாணவன் டேனியல். அவன் கேட்கிறான், இந்தப் பெடியனா, சொல்! "நான் தலையை ஆட்டிப்போட்டன்" என்பார் மாஸ்டர். சொல்லிவிட்டுத் தலையை இடமும் வலமுமாக இரண்டு தரம் பலமாக ஆட்டிக் காட்டுவார். காதோரத்து நரைமயிர் பறக்கும். கேட்டிருக்கிற சனம் உச்சுக் கொட்டும். இப்படி ஒரு மனிசன் எங்கள் ஆள் என்று நெஞ்சை நிமிர்த்தும்.

ஒரே மகள் சாருகா, எழுபதாவது பிறந்தநாளில் மாஸ்டர் அந்தக் கதையைச் சொல்லும்போது போனில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினாள். வினை அங்கேதான் ஏறியது.

அடுத்த வருடம் மாஸ்டருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை விழுந்தது. அதோடு இங்கிலிஷும் நோர்வே பாஷையான நோர்ஸ்க்கும் சேர்ந்து விழுந்தன. பிறகு படித்த பாஷைகள் சிலருக்கு அப்படிப் போய்விடும், முதல் பாஷைதான் மிஞ்சும் என்று டொக்டர் சொன்னார். மற்றவர் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தமிழைத் தவிர ஒரு சொல்லும் வராது. ஐந்து வருடம் இங்கிலிஷில் கேத்திரகணிதம் படிப்பித்த மனிசனுக்கு 'யெஸ்', 'நோ' கூட வரவில்லை என்றால் பாருங்கள்! கனகேஸ்வரி, அவருடைய மனைவி, அதை நினைத்து நினைத்து அழுதாள். மாஸ்டர் அழவில்லை. அந்தக் காலை நடந்ததெல்லாம் இங்கிலிஷில்தான் நடந்தது. அது தொலைந்ததே நல்லது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

நினைப்பு எத்தனை நாளைக்கு? சித்திரை மாதத்தில் ஒரு நாள் சாருகா வேலையால் வந்ததும் வராததுமாகச் சப்பாத்தைக் கழற்றாமலே கத்தினாள்.

"அப்பா! டேனியலின்ரை தங்கச்சி ஒஸ்லோவிலை இருக்கிறா!"

மாஸ்டர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். சாருகா மூச்சு விடாமல் சொன்னாள். சாருகாவின் சிநேகிதி யதுர்ஷாவோடு சீக்கயெம்மில், அதுதான் வயோதிபர் இல்லத்தில், வேலை செய்கிற ரூத் என்கிற பெண் மொரண்டாக்காரியாம். யதுர்ஷா விளையாட்டாக மாஸ்டரின் படத்தைப் போட்டுக் காட்டினாளாம். கிலேபு என்று ஊர்ப்பெயரைக் கேட்டதும் அந்தப் பெண் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாளாம்.

"அவவின்ரை நாட்டிலை இப்ப உண்மை விசாரிக்கிற கொமிசன் ஒண்டு போட்டிருக்கினமாம். சாட்சி எழுதுற படிவம், ஷேமா, கொண்டு வாறாவாம். வாற வெள்ளிக்கிழமை வரச்சொல்லிப்போட்டன். நானே தொல்க் செய்யிறன் அப்பா."

சாருகா தொழில்முறைத் தொல்க், மொழிபெயர்ப்பாளர். ஆஸ்பத்திரி, பொலிஸ், கோர்ட் என்று பத்து வருடமாகத் தமிழரின் வாயாக இருந்து வருகிறாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அவளுடைய தொழில் வேதம். நோயாளி டொக்டரைத் தூசணத்தால் பேசினால் அதையும் அப்படியே நோர்ஸ்கில் சொல்லிவிட்டு முகத்தை மரம் மாதிரி வைத்திருப்பாள். சொந்தக்காரருக்குத் தொல்க் செய்யக்கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. இது வீட்டுக் கதைதானே, அதுவும் அப்பாவின் பெருமைதானே என்று அன்றைக்கு மட்டும் அதை விட்டுவிட்டாள்.

மாஸ்டருக்கு இந்தப் பெருமை வேண்டாம் போலிருந்தது. ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊர் உச்சுக் கொட்டிய அந்தக் கதை பொய். மற்றதெல்லாம் உண்மை, கப்டன் உண்மை, துவக்கு உண்மை, டேனியல் உண்மை. தலை ஆடிய பக்கம் மட்டும் பொய்.

மொரண்டாவைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். வெள்ளைக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போனபோது அந்தச் சனம் மூன்று நாள் தெருவில் நின்று ஆடியதாம். பதினொரு வருடம்தான் அந்த ஆட்டம். பிறகு ஜெனரல் தொம்பேலா வந்தான். வெள்ளைக்காரனின் படையில் சார்ஜன்டாக இருந்து, சொந்தச் சனத்தையே சவுக்கால் அடித்துப் பழகிய கை. அடிக்கச் சொல்ல ஆளில்லாமல் போனதும் தானே சொல்லித் தானே அடித்தான்.

வீட்டுக்கு வீடு அவனுடைய படம் தொங்கவேண்டும். கண்ணாடியில் தூசி கண்டால் பிடித்துக்கொண்டு போவார்கள். கனகேஸ்வரி காலையில் எழும்பி முதலில் ஜெனரலைத் துடைப்பாள், அதற்குப் பிறகுதான் பிள்ளையார். "என்ன செய்ய, பிள்ளையார் ஜீப்பிலை வரமாட்டார்" என்பாள். பகல் ஒரு மணிக்கு ரேடியோவில் ஜெனரல் பேசுவான். பேசி முடியும்வரை நாடு முழுக்க எழும்பி நிற்கவேண்டும், சந்தையில் நிறைமாதக்காரியும்கூட. காலில் புண் என்று குந்தியிருந்த பூமிசாத்திர மாஸ்டரை அடுத்த நாள் காணவில்லை. எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஊரில் செத்தவரைச் செத்தார் என்று சொல்வதில்லை. 'தண்ணிக்குப் போயிட்டார்' என்பார்கள். இலக்கத்தகடு இல்லாத பச்சை ஜீப் ஏற்றிக்கொண்டு போகிற இடம் ஆற்றங்கரை.

ஒரு மாதம் சந்தையில் ஆற்று மீன் மலிந்து கிடந்தது. ஊர்ப் பெண்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மீன் மலிவென்றால் கை சும்மா கிடக்குமா? கனகேஸ்வரி நல்ல கொழுத்த மீனாகப் பார்த்து வாங்கிவந்து பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி சட்டிக்குள் எட்டிப்பார்த்தாள். சட்டை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். மீன் ஏன் கொழுத்திருந்தது என்று கனகேஸ்வரிக்கு விளங்க இரண்டு நாள் எடுத்தது. அன்றோடு மீனை விட்டவள்தான். ஒஸ்லோவில் எல்லோரும் அவளைப் பெரிய சைவப்பழம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிலேபுவில் தமிழ் வாத்திமாரின் குடும்பம் ஏழு. தங்களுக்குள் கதைக்கும்போது ஜெனரலை 'மாமா' என்றுதான் சொல்வார்கள். மாமா இண்டைக்கு மூண்டு பேரைக் கூப்பிட்டவராம். மாமாவுக்கு நேற்று நல்ல கோவமாம். வேலைக்காரிக்கு முன்னாலும் சொல்லலாம், போனிலும் சொல்லலாம். படிப்பிக்க வந்த இடத்தில் ஊர் வில்லங்கம் எங்களுக்கென்னத்துக்கு என்று ஏழு குடும்பமும் தமிழுக்குள் ஒளிந்துகொண்டு சீவித்தது. ஒளிவதற்கு நல்ல இடம்தான், தமிழ். ஒருத்தனும் உள்ளே வரமாட்டான்.

அந்தக் காலை, பள்ளிக்கூடக் கக்கூசுச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. கேத்திரகணிதத் தேற்றம். தரவு: ஜெனரல் ஒரு வட்டம். நிறுவவேண்டியது: அவருக்குள் ஒன்றுமில்லை. படம் கீறி, மையம் குறித்து, ஏழு படியில் அழகாக நிறுவி, கடைசியில் இரண்டு சரிந்த கோடு. அந்த இரண்டு கோடு போடும் பழக்கம் மாஸ்டருடையது. ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவில் குறுக்குக்கோடு போடும் பழக்கம் டேனியலுடையது. கடதாசியைப் பார்த்ததும் மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு படி பிழையில்லை! பரீட்சைத் தாளில் வந்திருந்தால் முழுப் புள்ளி.

அந்தக் குளிர் அரை நிமிடம்தான். கப்டன் கடதாசியை மேசையில் வைத்து, மிஸ்டர் லிங்கம், இது யாருடைய கை என்று மரியாதையாகக் கேட்டான். வகுப்பு மொனிட்டர் சாமுவேலைக் கூப்பிட்டு இடாப்பை வாசிக்கச் சொன்னான். பெயர் வாசிக்க வாசிக்கப் பெடியன்கள் ஒவ்வொருவராக எழும்பி நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கப்டன் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தான். பத்துப் பேருக்கு மாஸ்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். பதினோராவது டேனியல்.

அதற்குத் தலை எப்படி ஆடியது? சபையில் சொல்வது, இடமும் வலமும். தனிய இருக்கையில் மாஸ்டர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது வேறு. தலை சரிந்துதான் போனது, தோள் பக்கமாக, நாங்கள் தமிழர் சரிப்பது மாதிரி. ஓமென்றும் வைக்கலாம், பார்ப்பம் என்றும் வைக்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் வைக்கலாம். வேறு நாட்டுக்காரன் அதை ஓம் என்று எடுத்துவிட்டால் நான் என்ன செய்ய? நாற்பத்திரண்டு வருடமாக இந்தச் சமாதானத்தைப் போர்த்துக்கொண்டுதான் மனிசன் நித்திரை கொள்கிறார்.

இதில் கனகேஸ்வரியின் பாடு இன்னொன்று. மொரண்டாவை விட்டு ஊருக்குப் போன கொஞ்சக் காலத்தில், எண்பத்தெட்டில், ஊரில் ஆமி சுற்றிவளைத்தது. ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் விட்டது. ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடி ஒரு தலையாட்டி இருந்தான். எங்கள் ஆள்தான், காட்டிக்கொடுக்கக் கொண்டுவந்து இருத்தியவன். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசையில் போகிறவனைப் பார்த்து அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடினால் அவன் முடிந்தான். மாஸ்டருக்கு ஆடவில்லை. பின்னால் வந்த கனகேஸ்வரியின் தம்பி குகதாசனுக்கு ஆடியது. இருபத்துமூன்று வயது. பிறகு அவனை ஒருவரும் காணவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கனகேஸ்வரி தம்பியின் படத்துக்கு விளக்கேற்றுவாள். திரியைத் தூண்டிவிட்டு, கையைக் கூப்பி, சத்தமாகத் திட்டுவாள். "என்ரை பிள்ளைக்குத் தலையாட்டினவன் புழுத்துச் சாகவேணும். அவன்ரை நாக்கு அழுகவேணும். அவன் பெத்ததுகளும் விளங்கக்கூடாது." ரொம்சோஸ் ஆறாம் மாடியில் முப்பத்தாறு வருடமாக இதுதான் வெள்ளிக்கிழமைத் தேவாரம். மாஸ்டர் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்பார். வாதம் வந்து கை விழுந்து, நாக்குக் குளறிய முதல் வெள்ளிக்கிழமையும் அவள் திட்டினாள், அவரும் கேட்டார்.

ரூத் வந்ததும் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான். ஐம்பத்தொரு வயது, வெள்ளை வேலைச் சட்டைக்கு மேல் குளிர்ச்சட்டை, கையில் ஒரு கோப்பு. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே மாஸ்டரிடம் வந்தாள். அண்ணன் மாஸ்டருக்குக் கொடுக்கிற மரியாதையை வீட்டில் சொல்லியிருப்பான் போல, "சேர்" என்று சொல்லி விழுந்த வலது கையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கையில் உணர்ச்சி இல்லை. மாஸ்டருக்கு அது நெஞ்சில்தான் பட்டது.

கனகேஸ்வரி வடையும் கேக்கும் வைத்துத் தேத்தண்ணி ஊற்றினாள். ரூத் கதைக்க, சாருகா தாய்க்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தனக்கு அப்ப ஒன்பது வயசாம். தமையன் காலமை புட்டுமாதிரி ஏதோ சாப்பிட்டிட்டுப் போனவராம். பின்னேரம் பெடியள் அவரின்ரை சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவங்களாம். அவ்வளவுதானாம். தாய் இன்னும் இருக்கிறாவாம், எண்பத்தாறு வயசாம். ஒவ்வொரு நாளும் கேக்கிறாவாம், ஆர் காட்டிக்குடுத்தது எண்டு."

"பாவம்" என்றாள் கனகேஸ்வரி. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்கு விளங்கும் எண்டு சொல்லு பிள்ளை. என்ரை தம்பியும் அப்பிடித்தான் எண்டு சொல்லு."

ரூத் கோப்பைத் திறந்தாள். ஊருக்கு ஆளைத் தெரியும் என்றாள். கப்டனுக்குப் பக்கத்தில் நின்று பெயர் வாசித்த மொனிட்டர் சாமுவேல்தான். ஜெனரல் விழுந்த வருடம் ஊர்ச்சனம் போய் சாமுவேலின் தகப்பனுடைய தையல் கடையைக் கொளுத்தியது. தகப்பன் உள்ளே இருந்தார். சாமுவேல் தப்பி ஓடி, எங்கெங்கோ அலைந்து, இப்போது இருப்பது ஒஸ்லோவுக்குப் பக்கத்துத் திராமனில். அங்கே பஸ் கழுவுகிறான். மொரண்டாச் சனம் கூடுகிற சேர்ச்சில் அவனுக்குப் பக்கத்து வாங்கில் ஒருவரும் இருப்பதில்லை. போன மாதம் மகளின் கலியாணத்துக்கு நூற்றிருபது பேருக்குச் சமைத்தானாம், போனது ஒன்பது பேர்.

"இப்ப அந்தச் சாமுவேல்தானாம் கொமிசனுக்கு எழுதியிருக்கிறார்" என்றாள் சாருகா. "தான் வாசிச்சது இடாப்பு மட்டும்தானாம். காட்டிக்குடுத்தது தானில்லை எண்டு நிரூபிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். அண்டைக்குக் கப்டனுக்குப் பக்கத்திலை நிண்டது ரெண்டு பேர்தான், ஒண்டு சாமுவேல், மற்றது அப்பா. அப்பா இல்லை எண்டு தலையாட்டினவர் எண்டு எழுதித் தந்தா, மிச்சம் சாமுவேல் ஒராள்தான். இதோடை முடிஞ்சிடுமாம். தாயும் நிம்மதியாக் கண்ணை மூடுவாவாம்."

சாமுவேலை மாஸ்டர் மறந்தே போயிருந்தார். இடாப்பைப் பிடித்துக்கொண்டு, எச்சில் விழுங்கி விழுங்கிப் பெயர் வாசித்த ஒல்லிப் பெடியன். தகப்பன் தைத்துக் கொடுத்த, கொஞ்சம் பெருத்த காற்சட்டை. டேனியலின் பெயரை வாசித்தபோது அவன் குரல் உடைந்தது. டேனியல் அவனுடைய உயிர்க் கூட்டாளி.

ரூத் பேனையை எடுத்தாள். ஒரு சொல் முக்கியம் என்றாள். நிக்கெயா, ரிஸ்தெயா? நோர்ஸ்கில் இரண்டும் இரண்டு சொல். நிக்கெ என்றால் மேலும் கீழும். ரிஸ்தெ என்றால் இடமும் வலமும். தமிழில் மாதிரித் தலையாட்டினார் என்று பொதுவாகச் சொல்லித் தப்ப வழியில்லை.

"அப்பா, தெரியும்தான், எண்டாலும் நீங்கள் வாயாலை சொல்லவேணும்" என்றாள் சாருகா. "எந்தப் பக்கம் ஆட்டினனீங்கள்?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவருக்கு மிஞ்சியிருந்த பாஷையில் சொன்னார்.

"பொய் பிள்ளை. நான் சொன்னதெல்லாம் பொய். மேலையும் கீழையும்தான் ஆட்டினனான்."

சாருகா சிரித்தாள். விளங்காத சிரிப்பு. "என்னப்பா?"

"டேனியல் எழும்பி நிண்டவன். கப்டன் கடதாசியிலை இருந்த ரெண்டு கோட்டைத் தொட்டுக் காட்டினவன். இது உம்முடைய கோடெல்லோ மிஸ்டர் லிங்கம், அப்ப எழுதினது நீர்தானோ, இல்லாட்டி இந்தப் பெடியனோ எண்டு கேட்டவன். டேனியலைப் பாத்து ஒரேயொருக்கா ஆட்டினன். தாடை நெஞ்சிலை முட்டினது எனக்கு இப்பவும் தெரியுது. பிறகு ஒரு சொல்லு, ஒரேயொரு சொல்லுச் சொல்லியிருந்தா விட்டிருப்பான். நான் சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குத் திரும்பிட்டன். சாமுவேல் ஒண்டும் செய்யேல்லை. அந்தப் பிள்ளை பேர்தான் வாசிச்சவன்."

"இஞ்சருங்கோ" என்று கனகேஸ்வரி எழும்பினாள். "வருத்தத்திலை உங்களுக்கு மாறிப்போச்சு. என்ன கதை கதைக்கிறியள்?"

"இல்லைக் கனகம். மாறேல்லை. அண்டைக்கு நான்தான் தலையாட்டி."

அந்தச் சொல்லை அவர் அந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை. அது கனகேஸ்வரியின் சொல். வெள்ளிக்கிழமைச் சொல். கேத்தலைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

ரூத் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று நோர்ஸ்கில் கேட்டாள்.

சாருகாவின் முகத்தில் இரத்தமில்லை. பத்து வருடத் தொழிலில், அடுத்தவர் வாயில் வந்ததை அவள் ஒரு சொல் மாற்றியதில்லை. தாயைப் பார்த்தாள்.

"அதைச் சொல்லாதை பிள்ளை" என்றாள் கனகேஸ்வரி. குரல் தாழ்ந்திருந்தது, ரூத்துக்காக முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வைத்திருந்தாள். மொரண்டாவில் வேலைக்காரிக்கு முன்னால் மாமாவைப் பற்றிக் கதைத்த அதே பழக்கம், தமிழுக்குள் பூந்துகொண்டு கதைத்தாள்.

"அம்மா, அந்த மனிசன்ரை தகப்பனைக் கொளுத்தியிருக்கினம். நான் உள்ளதைத்தான் சொல்லவேணும். இது என்ரை வேலை."

"இது உன்ரை வேலையில்லை. இது உன்ரை அப்பா. சாகப்போற வயசிலை ஊர் காறித் துப்பவோ? உன்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைப்பாய்? நான் கோயிலுக்கு எப்பிடிப் போறது? சொல்லாதை."

பிள்ளை என்ன செய்யும்? அப்பாவின் விழுந்த கையைப் பார்த்தாள். பிறகு ரூத்தைப் பார்க்காமல், கேக் தட்டைப் பார்த்துக்கொண்டு நோர்ஸ்கில் சொன்னாள். அப்பாவுக்குப் பழசை நினைத்தால் மனம் குழம்புகிறது. அவர் ரிஸ்தெ செய்தார். இடமும் வலமும்.

மாஸ்டருக்கு நோர்ஸ்க் பேசத்தான் வராது, கேட்க வரும் என்று சொன்னேனே. ரிஸ்தெ என்ற சொல் அவருக்கு நன்றாகவே கேட்டது.

ரூத் பேனையை வைத்தாள். அவள் விசரியில்லை. அறைக்குள் என்னவோ நடந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கதிரையை இழுத்து மாஸ்டரின் முழங்காலோடு முழங்காலாக இருந்துகொண்டு, கிலேபுப் பிள்ளைகள் கதைக்கிற அதே இழுவை இங்கிலிஷில், மெல்லக் கேட்டாள்.

"சேர், என்ரை அண்ணாவை நீங்கள் காட்டிக்குடுக்கேல்லை. அப்பிடித்தானே?"

இதற்குப் பாஷை தேவையில்லை. தொல்க் தேவையில்லை. இல்லை, அப்படியில்லை என்று தலையை இடமும் வலமும் ஆட்டினால் போதும். நூறு சபையில், காதோரத்து மயிர் பறக்க, ஆட்டி ஆட்டிப் பழகிய ஆட்டம்தான். பொய்க்கு ஆடியதை ஒரே ஒரு தரம் உண்மைக்கு ஆடவேண்டும், அவ்வளவுதான். திராமனில் ஒருவன் நாளைக்குச் சேர்ச்சில் நிமிர்ந்து இருப்பான்.

மாஸ்டர் நிமிர்ந்தார். ரூத்தின் தோளுக்கு மேலாகக் கனகேஸ்வரி தெரிந்தாள். கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள், விளக்குக்கு முன்னால் நிற்கிற மாதிரி.

மாஸ்டரின் தலை ஆடியது. இடமும் வலமும் இல்லை, மேலும் கீழும் இல்லை. தோள் பக்கமாக மெல்லச் சரிந்து, திரும்பி வந்தது.

ரூத்தின் முகம் மலர்ந்தது. கண்ணீரோடு சிரித்தாள். சாருகாவிடம் திரும்பி, இது எனக்குத் தெரியும் என்றாள். சீக்கயெம்மில் பதினெட்டு வருடமாகத் தமிழ் ஆட்களைப் பராமரிக்கிறேன், தமிழர் தலையை இப்படிச் சரித்தால் ஓம் என்று அர்த்தம். முதல் வருடம் எனக்கு விளங்கவில்லை, இப்போது நன்றாக விளங்கும். "ஓம்" என்று தமிழிலேயே ஒரு தரம் சொல்லியும் காட்டினாள்.

வேறு நாட்டுக்காரி, சரியாகத்தான் விளங்கிக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருடமாக மனிசன் போர்த்திருந்த சமாதானம் அத்தோடு கிழிந்தது.

அப்படியென்றால் சாமுவேல்தான், என்று ரூத் ஷேமாவில் எழுதினாள். மாஸ்டர் இடது கையால் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து வைத்தார். கீழே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன் என்ற வரிக்குப் பக்கத்தில் சாருகா வைத்தாள். ரூத் மூன்று பேரையும் கட்டிப்பிடித்தாள். அம்மாவுக்கு இண்டைக்கே போன் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வடை ஒன்றைக் கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனாள். சாருகா தன் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவரையும் பாராமல் குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். லிஃப்ட் வரும்வரை நிற்கவில்லை, படியால் இறங்கி ஓடியது ஆறாம் மாடிவரை கேட்டது.

கனகேஸ்வரி கோப்பைகளைக் கழுவி வைத்தாள். கைகால் முகம் கழுவினாள். வெள்ளிக்கிழமையல்லவா, குகதாசனின் படத்துக்கு முன்னால் போய் விளக்கை ஏற்றினாள். திரியைத் தூண்டிவிட்டாள். கையைக் கூப்பினாள்.

மாஸ்டர் பக்கத்துக் கதிரையில் இருந்து காத்திருந்தார். இந்த ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் திட்டு முழுக்கத் தன் தலையில் விழட்டும், இரண்டு மடங்காக விழட்டும் என்று இருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கனகேஸ்வரி கூப்பிய கையை இறக்கிவிட்டு குசினிக்குப் போய், சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவருடைய இடது கைக்கு எட்ட வைத்தாள்.

"கனகம், ஏன் நீர் இண்டைக்குத் திட்டேல்லை?"

அவள் கறியை அள்ளி விட்டாள்.

"ஆரைத் திட்ட?" என்றாள்.